பதினான்காவது வரி

என் வேலை என்னவென்று ஒரு தாளில் அடித்து
பிளாஸ்டிக் உறை போட்டு
கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள்.
பதின்மூன்று வரிகள்.
மோதிரம் கூடாது. காதடைப்பான் கட்டாயம்.
பாதியாய்ப் பிளந்து வரும் பீச் பழத்தில்
கொட்டைத் துண்டு மிஞ்சியிருந்தால் பொறுக்கிவிட வேண்டும்.
இயந்திரத்தைத் தொடக் கூடாது என்பது ஒன்பதாவது.
அது மட்டும் சிவப்பில்.

ஷெப்பர்டனில் பிப்ரவரி.
வெளியே நாற்பது டிகிரி, உள்ளே பாகின் ஆவி.
காதில் ஆரஞ்சு நுரைக்கட்டை.
அதையும் மீறி அந்த இயந்திரம்
ஐந்து பருவமாய் என்னோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தது:
டக் டக் டகடக், டக் டக் டகடக்.
கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டிருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை
ஒரு டக் குறைந்தது.

எதிரே நின்ற மஸூமாவைப் பார்த்தேன்.
தோளைக் குலுக்கினாள்.
"நம்முடைய வேலை இல்லை" என்பதை
எல்லா மொழியிலும் தோள்தான் சொல்கிறது.
அவளைக் குறைசொல்ல மாட்டேன்.
போன வருடம் பெட்டி அடுக்க ஆளில்லையென்று
தானாய்ப் போய் அடுக்கினாள்.
கைதட்டினார்கள்.
பிறகு பருவம் முழுக்க அவளே அடுக்கினாள்,
அதே கூலிக்கு.
இன்னும் இடுப்பில் பட்டை கட்டித்தான் வருகிறாள்.

மேற்பார்வை க்ளென் தேநீருக்குப் போயிருந்தார்.
ஃபிட்டர் ப்ரோடி மூன்றாம் வரிசையில், கூப்பிட்டாலும் கேட்காது.
பழங்கள் வந்தபடி இருந்தன.
தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பொத்தான்.
அவசரத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தது,
ஒரு டக் குறைவது அவசரமா என்று எழுதியிருக்கவில்லை.

அழுத்தினேன்.

அப்படியோர் அமைதியை அங்கே நான் கேட்டதில்லை.
நாற்பது பேர், கையில் ஈரப் பழத்தோடு, என்னைப் பார்த்தார்கள்.
வயிற்றில் புளி கரைந்தது.
வீட்டுக் கடன். மகனுடைய பல்லுக்குக் கம்பி.
"யார் சொல்லி நிறுத்தினாய்?" க்ளென் ஓடிவந்தார், கோப்பையோடு.
காது, என்றேன்.
ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னதாய் விழுந்தது.

ப்ரோடி வந்தான். இருபத்து நாலு வயது, கையில் ஸ்பானர்,
முகத்தில் என் வேலைக்குள் உனக்கென்ன என்கிற சுளிப்பு.
மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.
வெகுநேரம் முதுகு மட்டும் தெரிந்தது.
வெளியே வந்தபோது உள்ளங்கையில்
கத்தியைப் பிடித்திருக்கும் ஆணி, கழுத்து பாதி அறுந்து.
அது எந்த டின்னுக்குள் போயிருக்கும்,
எந்தப் பிள்ளையின் கரண்டிக்கு வந்திருக்கும்
என்று யாரும் சொல்லவில்லை.
க்ளெனிடம் காட்டுமுன் அவன் அதை என்னிடம் காட்டினான்.

புது ஆணி போட்டு ஓட்டினான்.
காதைத் தொட்டு, என்னைக் காட்டினான்: கேள்.
நுரையைப் பிடுங்கினேன் (நான்காவது வரிக்கு விரோதம்).
இன்னும் கொஞ்சம் இறுக்கு.
இறுக்கினான்.
டக் டக் டகடக்.

வெள்ளிக்கிழமை உறைக்குள் புதிய தாள்.
பதினான்கு: சத்தத்தில் மாற்றம் தெரிந்தால் உடனே அறிவிக்கவும்.
என் காதை அச்சடித்துவிட்டார்கள்.
மஸூமா வாசித்தாள், இடுப்பைத் தடவிக்கொண்டாள்,
பிறகு இருவரும் சிரித்தோம்
சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

மதியம் க்ளெனின் கதவைத் தட்டினேன்.
பதினான்காவது வரிக்கு எவ்வளவு?
மஸூமாவின் பெட்டிகளுக்கு எவ்வளவு?
அதையும் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.
"பார்க்கலாம்" என்றார், பேனாவைப் பார்த்தபடி.

பார்க்கலாம்.
இப்போதைக்கு, மூடியைப் பூட்டுமுன்
ப்ரோடி என் பக்கம் திரும்பி நிற்கிறான்.
நான் ஒரு விரலைத் தூக்குகிறேன்.
சில நாள் தூக்காமல் கொஞ்சம் காக்கவைக்கிறேன்.